கல்யாணப் பத்திரிகையும் ஒரு ஏர் ரைபிளும்: ஸ்டாக்கை உடம்புக்குப் பொருத்துவது எப்படி?

எங்கள் கிளப்பில் நான்காம் எண் ஒட்டிய ஏர் ரைபிள் ஒன்று இருக்கிறது. அதன் ஸ்டாக்கின், அதாவது குழலையும் இயக்கப் பகுதியையும் தாங்கும் கட்டைப் பகுதியின், பின்முனையில் தோளில் பதியும் பட் பிளேட்டைக் கழற்றியபோது உள்ளேயிருந்து மூன்று அட்டைத் துண்டுகள் விழுந்தன. ஒன்று செருப்புப் பெட்டியிலிருந்து வெட்டியது. இன்னொன்று தடித்த கல்யாணப் பத்திரிகை; மணமகன் பெயரில் பாதி அப்படியே தெரிந்தது. மூன்றாவது ஏதோ நோட்டுப் புத்தகத்தின் மேலட்டை. நெட்டையான ஒருவர் எப்போதோ தன் தோளுக்கு நீளம் போதவில்லை என்று வைத்திருக்கிறார். எடுக்க மறந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த ரைபிளைத் தொட்ட பிள்ளைகள் எல்லோரும் அவருடைய கை நீளத்துக்குத் தங்கள் முதுகை வளைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அட்டைகள் வெளியே வந்ததற்குக் காரணம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. ஆறு மாதம் பழகியும் அவளுக்குத் தோள் வலி விடவில்லை. "சார், புது ஸ்டாக் வாங்கினால் சரியாகிவிடும் என்று சொல்கிறார்கள், அப்பாவிடம் கேட்கட்டுமா?" என்றாள். வெளிநாட்டு அலுமினிய ஸ்டாக் ஒன்றின் விலையைத் தொலைபேசியில் காட்டினாள். ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கலாம். "பொறு அம்மா, முதலில் இதைத் திறந்து பார்ப்போம்" என்றேன். அட்டைகளை எடுத்ததும் நீளம் சில மில்லிமீட்டர் குறைந்தது. அன்று மாலையே அவள் தலை நிமிர்ந்து நின்றாள்.

10 மீட்டர் ஏர் ரைபிள் பழக இப்போது பலர் வருகிறார்கள். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வாங்கியதும் அதற்கு ஒரு காரணம். வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் ஆண்டில் கிளப் ரைபிளையோ, யாரோ பயன்படுத்தி விற்ற ரைபிளையோதான் எடுக்கிறார்கள். அந்த ரைபிளின் ஸ்டாக் வேறொரு உடம்புக்கு வைத்த அளவில் இருக்கும். அதை உங்கள் உடம்புக்குக் கொண்டுவருவது எப்படி, எப்போது மரத்தில் கைவைப்பது, எப்போது புதிது வாங்குவது என்பதைப் பற்றியது இந்தக் கட்டுரை. நின்று சுடும் நிலையை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். படுத்தும் மண்டியிட்டும் சுடும் 50 மீட்டர் போட்டிக்கு அளவுகள் வேறு.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? 10 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி என்பது 0.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு வெள்ளைப் பொட்டு. ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மி.மீ. குறி பார்க்க ரைபிளின் மேல் இருக்கும் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே 70 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், முன் முனை வெறும் 0.1 மி.மீ., ஒரு காகிதத்தின் தடிமன் அளவு, விலகினாலே இலக்கில் சுமார் 1.4 மி.மீ. தள்ளிப் படும். அரைப் புள்ளிக்கு மேல் போய்விடும். பொருந்தாத கட்டையைத் தசையால் இழுத்துப் பிடிப்பவருக்கு அந்தக் காகித அளவு நடுக்கம் ஒவ்வொரு குண்டிலும் வரும். 60 குண்டுகள் 75 நிமிடங்களில் சுட வேண்டிய போட்டியில் நாற்பதாவது குண்டுக்கு மேல் தசை கைவிட்டுவிடும். எலும்பின் மேல் ரைபிளை அடுக்கி வைத்தவர் கடைசிவரை ஒரே மாதிரி நிற்பார்.

தொடுவதற்கு முன்

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் ரைபிளில் குண்டு இல்லை என்பதைக் கண்ணால் பாருங்கள். குழல் காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைக் குழலில் செருகுங்கள். அழுத்தக் காற்றுச் சிலிண்டர் உள்ள ரைபிள் என்றால் சிலிண்டரைக் கழற்றித் தனியே வையுங்கள். 200 பார் அழுத்தம் அடைத்த பொருள் அது, வேலை மேசையில் உருளக் கூடாது. கழற்றும்போது அதில் பொறித்திருக்கும் தேதியையும் பார்த்துவிடுங்கள். பல சிலிண்டர்களுக்கு ஆயுள் பத்து ஆண்டுதான். காலாவதியானதை வைத்துக்கொண்டு சுற்றுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. குழல், ட்ரிக்கர் உள்ளமைப்பு, அழுத்தச் சீராக்கி ஆகியவை இந்தக் கட்டுரையில் வராது. அவற்றைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். உரிமம் பெற்ற துப்பாக்கியாக இருந்தால், உரிமம் உள்ள பழுதுபார்ப்பவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

பிறகு இப்போது இருக்கும் அளவுகளை எழுதுங்கள். பட் பிளேட்டின் உயரம், நீளம், சாய்வு, கன்னம் வைக்கும் சீக் பீஸின் உயரம், ட்ரிக்கர் இருக்கும் இடம் எல்லாவற்றையும் மி.மீ. கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். அளவுக்கோடு இல்லாத பாகத்தில் மறைப்பு டேப் ஒட்டிப் பென்சிலால் கோடு போடுங்கள். புகைப்படமும் எடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். கோணம் மாறினால் படத்தில் எல்லாம் மாறித் தெரியும். இதைச் செய்யாமல் திருகத் தொடங்கியவர்கள் மறுநாள் "நேற்று இருந்த மாதிரியாவது வைத்துக் கொடுங்கள்" என்று வந்து நிற்பார்கள்.

முதலில் உடம்பு, அப்புறம் கட்டை

ரைபிள் இல்லாமல் நில்லுங்கள். வலக்கைக்காரர் என்றால் இலக்குக்கு இடப்பக்கம் காட்டி, கால்களைத் தோள் அகலத்தில் வைத்து நிற்க வேண்டும். இடுப்பை இலக்கின் பக்கம் சற்றுத் தள்ளுங்கள். இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேலோ, அதற்குச் சற்று முன்னாலோ ஊன்றுங்கள். முன்கை செங்குத்தாக நிற்கட்டும். விரல்களை மடித்து முஷ்டியாக்குங்கள். இப்போது தலையை நேராக வைத்து இலக்கைப் பாருங்கள்.

முஷ்டிக்கும் கண்ணுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது? ரைபிள் வந்து அமர வேண்டிய இடம் அதுதான். கை நீளமாகவும் உடல் குட்டையாகவும் இருப்பவருக்கு இடைவெளி குறைவு. உடல் நீண்டு கை குட்டையாக இருப்பவருக்கு அது ஒரு சாண் அளவுக்குக்கூட வரும். இரண்டாமவர் கிளப் ரைபிளை எடுத்தால் என்ன ஆகும்? ரைபிள் தாழ்ந்து நிற்கும். கழுத்தைக் குனிப்பார். அல்லது முழங்கையை இடுப்பிலிருந்து தூக்கிவிடுவார், ரைபிளின் முழு எடையும் தோள்தசைக்கு ஏறும். புதியவர்களின் பத்துக் குறைகளில் ஆறேழு இந்த ஓர் இடைவெளியிலிருந்து வருகின்றன என்பது என் அனுபவம்.

இந்த நிலையைப் பக்கவாட்டிலிருந்து ஒருவரை விட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பின்னாலிருந்தும் ஒன்று. முன்னாலிருந்து வேண்டாம். இப்போது கையில் ரைபிள் இல்லாவிட்டாலும், குழல் நீளும் திசையில் யாரையும் நிறுத்தும் பழக்கம் வரவே கூடாது.

சுடும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டும் ஒருமுறை இதையே செய்யுங்கள். தடித்த ஜாக்கெட் தோளில் கொஞ்சம் இடத்தைப் பிடிக்கும். டி-சட்டையில் அளவெடுத்துவிட்டு ஜாக்கெட்டில் சுடுவது, வெறுங்காலுக்கு அளவெடுத்த ஷூவைக் காலுறையுடன் போடுவது போல.

நீளம்

ட்ரிக்கரின் முகப்பிலிருந்து பட் பிளேட்டின் நடுப்பகுதி வரை உள்ள தூரம்தான் ஸ்டாக்கின் நீளம். பழைய முறை ஒன்று உண்டு: முழங்கையைச் செங்கோணமாக மடித்து, பட் பிளேட்டை முழங்கை மடிப்பில் வைத்தால், ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிக்கரை எட்ட வேண்டும். தொடங்குவதற்கு இது போதும். ஆனால் நின்று சுடும்போது இதைவிடச் சற்றுக் குறைவான நீளமே பலருக்கு வசதி. ரைபிளின் எடை உடம்பை ஒட்டி வரும், முதுகு அதிகம் பின்னே சாய வேண்டியிருக்காது.

நீளம் அதிகம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ரைபிளைத் தூக்கும்போது பட் பிளேட் அக்குளில் உரசி மாட்டும். வலது தோள் முன்னே இழுபடும். விரல் நுனியால் மட்டுமே ட்ரிக்கர் எட்டும். குறைவு என்றால் மூக்கு பின் குறியின் ரப்பரில் இடிக்கும், வலது முழங்கை ஒடுங்கி விலாவில் முட்டும்.

போட்டி ரைபிள்களில் ட்ரிக்கரையே முன்னும் பின்னும் நகர்த்தலாம். இது பலருக்குத் தெரியாது. விரல் குட்டையான பிள்ளைகளுக்கு முதலில் அதைச் செய்யுங்கள், பிறகு பட் பிளேட்டுக்குப் போங்கள். ஒரு நேரத்தில் 3 மி.மீ.க்கு மேல் மாற்ற வேண்டாம்.

பட் பிளேட்டின் உயரமும் சாய்வும்

இங்கே எல்லோரும் ஒருமுறையாவது குழம்புவார்கள், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். பட் பிளேட்டை ஸ்டாக்கில் கீழே இறக்கினால் ரைபிள் மேலே ஏறும். ஏனென்றால் தோளில் பட் பிளேட் அமரும் பள்ளம் மாறாது, அதை ஒப்பிட்டால் மற்றதெல்லாம் உயரும். தலை குனிகிறது என்றால் பட் பிளேட்டை இறக்குங்கள். ரைபிள் தாடையை மேலே தள்ளுகிறது என்றால் ஏற்றுங்கள்.

பட் பிளேட் முழுவதும் தோளில் படிய வேண்டும். கீழ்முனை மட்டும் குத்தினால் சாய்வைத் திருத்துங்கள். சுட்டு முடித்து ஜாக்கெட்டைக் கழற்றியதும் தோளில் சிவந்த தடத்தைப் பாருங்கள். ஒரே இடத்தில் காசு அளவு சிவந்திருந்தால் அங்கேதான் எல்லா எடையும் இறங்குகிறது. பரவலாக, மங்கலாக இருந்தால் நல்லது. எந்தக் கருவியும் இல்லாமல் கிடைக்கும் அளவு இது.

பட் பிளேட்டைப் பக்கவாட்டிலும் நகர்த்தலாம், திருப்பவும் செய்யலாம். அகன்ற மார்பு உள்ளவர்களுக்கு வெளிப்பக்கம் சற்று நகர்த்தினால் முகம் தானாகச் சீக் பீஸுக்கு வரும். ஆனால் முதல் மாதத்தில் இதைத் தொடாதீர்கள். ஒரே நேரத்தில் உயரம், நீளம், சாய்வு, பக்கம் நான்கையும் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

கன்னம்

கண்ணை மூடுங்கள். தலையை அதன் போக்கில் சீக் பீஸில் இறக்குங்கள். அழுத்த வேண்டாம், தலையின் எடை தானாக அமரட்டும். இரண்டு முறை மூச்சு விட்டுக் கண்ணைத் திறங்கள். பின் குறியின் துளைக்குள் முன் குறியின் வட்டம் நடுவில் தெரிகிறதா? அதைச் சுற்றிய வெளிச்ச வளையம் நான்கு பக்கமும் ஒரே தடிமனில் இருக்கிறதா? இருந்தால் சீக் பீஸைத் தொட வேண்டாம்.

இல்லாவிட்டால் தலையை நகர்த்திச் சரிசெய்யத் தோன்றும். அதுதான் தப்பு. நகர வேண்டியது சீக் பீஸ். கண் தாழ்ந்திருந்தால் ஏற்றுங்கள். கன்னம் சதைப்பற்றானவர்களுக்குப் பக்கவாட்டிலும் குறைக்க வேண்டிவரும். கண்ணை மூடித் திறக்கும் சோதனையை ஐந்து முறை செய்து, ஐந்திலும் ஒரே காட்சி வந்தால் முடிந்தது.

பழைய மர ஸ்டாக்குகளில் சீக் பீஸ் நகராது. அதற்குக் காசில்லாத வழி இருக்கிறது. யோகா விரிப்பின் துண்டையோ செருப்பு தைப்பவர்களிடம் கிடைக்கும் மெல்லிய ரப்பர் ஷீட்டையோ கன்ன அளவுக்கு வெட்டி, துணி டேப்பால் ஒட்டுங்கள். இரண்டு வாரம் அதிலேயே சுடுங்கள். உயரம் இதுதான் என்று உறுதியான பிறகு தச்சரிடம் சொல்லி அதே தடிமனில் மரத்துண்டு செய்து பொருத்தலாம். முதல் நாளே தச்சரிடம் போனால் மூன்று முறை போக வேண்டிவரும்.

கைப்பிடி

வலக்கையின் வேலை ரைபிளைத் தாங்குவது அல்ல. கைப்பிடியைப் பற்றி, பின்னோக்கி லேசாக அணைத்து, ட்ரிக்கரை நேர்ப் பின்னே இழுப்பது மட்டும்தான். மணிக்கட்டு வளையாமல் இருக்க வேண்டும். ஆள்காட்டி விரல் கட்டையின் பக்கவாட்டில் உரசக் கூடாது. உரசினால் ட்ரிக்கரை அழுத்தும்போதெல்லாம் ரைபிளையும் பக்கவாட்டில் தள்ளுவீர்கள். விரலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைய வேண்டும்.

பெரிய கைப்பிடியைச் சிறிய கை பற்றும்போது மணிக்கட்டு சுழன்றுவிடுகிறது. சிறிய கைப்பிடி பெரிய கையில் வழுக்கும். அதனால் மரத்தில் கைவைக்கத் துணியும் எவரும் முதலில் தொடுவது இந்த இடத்தைத்தான், அது நியாயமும்கூட. எப்படிச் செய்வது என்று கீழே சொல்கிறேன்.

கிரிக்கெட் மட்டையின் ரப்பர் உறையைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு ஒரு பையன் வந்தான். வழுக்கவில்லை என்று அவனுக்கு ஏக மகிழ்ச்சி. 10 மீட்டர் போட்டி விதிப்படி கைப்பிடியிலும், இடக்கை தாங்கும் முன்கட்டையிலும் ஸ்டாக்கின் கீழ்ப்பகுதியிலும் பிடிமானத்தைக் கூட்டும் பொருள் எதையும் சேர்க்கக் கூடாது. கட்டைவிரல் நுழையும் துளை, கட்டைவிரல் தாங்கி, உள்ளங்கைத் தாங்கி ஆகியவற்றுக்கும் தடை. கருவிச் சோதனை மேசையில் அவனுடைய உறையை உரித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். பழகாத கைப்பிடியோடு அன்று சுட்டான்.

முன்கட்டையும் எடையும்

முதலில் பார்த்த முஷ்டி-கண் இடைவெளிக்கு இங்கேதான் பதில். முன்கட்டையின் அடியில் பொருத்தும் உயரக் கட்டையை ஏற்றி இறக்கி அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். விதிப்படி முன்கட்டையின் ஆழம் குழலின் மையக்கோட்டிலிருந்து 120 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதற்கும் மேல் தேவைப்படும் நெட்டையர்கள் குறிகளை உயர்த்தும் தாங்கிகளைப் போட்டு, பட் பிளேட்டை இறக்கிச் சமாளிக்கிறார்கள்.

இடக்கை எங்கே இருக்க வேண்டும்? ட்ரிக்கர் காப்புக்குச் சற்று முன்னால் தொடங்குங்கள். ரைபிளை அந்த ஒரு கையில் மட்டும் நிறுத்திப் பாருங்கள். மூக்கு தாழ்ந்தால் எடை முன்னே, வால் தாழ்ந்தால் பின்னே. முன்பக்கம் கொஞ்சம் கனத்தால் அசைவு மெதுவாகும், குறி பார்ப்பது அமைதியாக இருக்கும். அதையே மிகுதியாக்கினால் முப்பதாவது குண்டில் கீழ்முதுகு பேசத் தொடங்கும். மொத்த எடைக்கு 5.5 கிலோ உச்சவரம்பு. அந்த எல்லை வரை ஏற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் ரைபிளில் நான் எடைக்கட்டிகளை எல்லாம் கழற்றிவிடுவேன்.

மரத்தில் கைவைக்கும்போது

சொந்த ரைபிளாக இருந்தால் மட்டும். கிளப் ரைபிளில் அட்டையும் டேப்பும் தாண்டி எதுவும் செய்யக் கூடாது.

இரண்டு வேலைகள்தான் வீட்டில் செய்யத் தக்கவை: கைப்பிடியைச் சேர்த்துக் கட்டுவது, கைப்பிடியைக் குறைப்பது. சேர்ப்பதற்கு நம் ஊரில் எல்லாக் குழாய்க்கடையிலும் கிடைக்கும் எம்-சீல் போதும். முதலில் இரண்டு ஸ்டாக் திருகுகளைக் கழற்றி, இயக்கப் பகுதியைத் தூக்கித் துணியில் சுற்றி வையுங்கள். திருகுகள் ஒரே நீளமாக இல்லாமல் இருக்கலாம், எது எங்கே என்று குறியுங்கள். கைப்பிடியில் சேர்க்க வேண்டிய இடத்தை மட்டும் 80 எண் உப்புத்தாளால் தேய்த்துப் பாலிஷை எடுங்கள். பளபளப்பின் மேல் ஒட்டினால் ஒரு மாதத்தில் ஓடு மாதிரி பெயர்ந்து வரும். சுற்றியுள்ள இடத்தை டேப்பால் மறையுங்கள்.

கையுறை போட்டுக்கொண்டு, எம்-சீலின் இரண்டு பகுதிகளையும் நிறம் ஒன்றாகும் வரை பிசையுங்கள். சப்பாத்தி மாவுப் பதம் வரும். தேவை என்று தோன்றுவதைவிடச் சற்று அதிகமாக வையுங்கள். மேலே சமையலறைப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, சுடும் நிலையில் பிடிப்பது போலவே பிடியுங்கள். இங்கே அவசரம் வேண்டாம். மேசையில் உட்கார்ந்து பிடித்தால் மணிக்கட்டின் கோணம் வேறு. எழுந்து நின்று, முழங்கையைச் சுடும் உயரத்தில் வைத்து, ட்ரிக்கர் இருக்கும் இடத்தில் விரலை நீட்டி ஒரு நிமிடம் பிடியுங்கள். இறுக்கிப் பிழியாதீர்கள். பிழிந்தால் பிழிந்த கையின் அச்சுதான் கிடைக்கும், போட்டியில் நீங்கள் அப்படிப் பிடிக்கப் போவதில்லை. பிறகு கையை எடுத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

மறுநாள் பார்த்தால் கை அச்சு அசிங்கமாக இருக்கும். விரல் இடுக்குகளில் மேடுகள் எழும்பியிருக்கும். அரத்தால் மேடுகளைத் தட்டி, 120, பிறகு 220 எண் உப்புத்தாளால் தேயுங்கள். மூக்கை மூடிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தேய்க்கத் தேய்க்க ரைபிளை மாட்டிப் பிடித்துப் பாருங்கள். விரலுக்கு விரல் ஆழமாகப் பள்ளம் வைப்பது அழகாகத் தோன்றும். ஆனால் வளரும் பிள்ளைக்கு அது ஆறு மாதத்தில் தவறான பள்ளமாகிவிடும். உள்ளங்கையின் குழிவை நிரப்பும் ஒரு மேடு, கட்டைவிரலின் அடிக்கு ஒரு படுகை, அவ்வளவு போதும்.

குறைப்பது என்றால் வேலை எளிது, ஆபத்து அதிகம். எம்-சீல் தப்பானால் சீவி எறியலாம், மரம் திரும்பி வராது. பத்து முறை அரத்தை இழுத்தால் ஒரு முறை பிடித்துப் பாருங்கள். மரம் வெளியே தெரியும் இடங்களில் கடைசியாக ஆளி விதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து உலரவிடுங்கள். இரண்டு மூன்று கோட் வேண்டும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இதை விட்டால் மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து ஊதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காய வையுங்கள். சுருட்டினால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய எண்ணெய் அது.

வீட்டில் செய்யக் கூடாதது ஸ்டாக்கின் வாலை வெட்டிக் குட்டையாக்குவது. நான் செய்திருக்கிறேன். இருபத்தைந்து வயதில், முதல் சொந்த ரைபிள், பீச் மரம். 12 மி.மீ. வெட்ட நினைத்தேன். ரம்பம் சாய்ந்து போனது, சாய்வைச் சமன்செய்ய இன்னும் வெட்டினேன், அது மறுபக்கம் சாய்ந்தது. கடைசியில் 20 மி.மீ. போய்விட்டது. போன நீளத்தைத் திரும்பக் கொண்டுவர மரத்துண்டுகளை அடுக்கி நீண்ட திருகு போட்டேன். அந்த ரைபிள் விற்கும்வரை பட் பிளேட் லேசாக ஆடிக்கொண்டேதான் இருந்தது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், மேசை ரம்பம் வைத்திருக்கும் தச்சரிடம் கோட்டைப் போட்டுக் கொடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது இரண்டு திருகுகளையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒன்றை முழுதும் இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் இயக்கப் பகுதி ஒரு பக்கம் கோணி அமரும். எவ்வளவு இறுக்கம் என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் அதே இறுக்கம் வேண்டும். இல்லாவிட்டால் குண்டு விழும் இடம் மாறும்.

புதிது வாங்குவதானால்

மேலே சொன்னதையெல்லாம் செய்துவிட்டு, நோட்டில் எழுதிய அளவுகளில் ஏதாவது ஒன்று இப்போதைய ஸ்டாக்கின் எல்லையை முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். பட் பிளேட் கடைசிக் கோடு வரை இறங்கியும் தலை குனிகிறது, அல்லது ட்ரிக்கரும் பட் பிளேட்டும் எல்லைக்கு வந்தும் நீளம் குறையவில்லை என்றால் புதிய ஸ்டாக்குக்குக் காரணம் இருக்கிறது. எதுவும் முட்டவில்லை என்றால் காரணம் இல்லை.

அப்போதும் முழு ஸ்டாக்குக்கு முன் நல்ல பட் பிளேட் ஒன்றை மட்டும் வாங்கிப் பாருங்கள். மெக், டெக்-ஹ்ரோ போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் தனியாகவே விற்கின்றன. பல திசைகளில் திருகி வைக்கலாம், பாதிப் பேருக்கு இதோடு தேவை தீர்ந்துவிடும். குட்டையான பிள்ளைகளுக்கு ஜூனியர் அளவு ஸ்டாக்கில் வரும் ரைபிளைக் கடன் வாங்கி ஓர் ஆண்டு ஓட்டுவது, வளரும் கைக்கு விலையுயர்ந்த அலுமினியம் வாங்குவதைவிடப் புத்திசாலித்தனம்.

முழு ஸ்டாக் என்று முடிவானால், மாடல் பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். வால்தர் நிறுவன ரைபிளுக்கு வெட்டிய பள்ளத்தில் ஃபைன்வெர்க்பாவ் நிறுவன ரைபிள் அமராது. ஒரே நிறுவனத்தின் பழைய மாடலும் புதிய மாடலும்கூட ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகலாம். திருகுகளுக்கு இடையிலான தூரம், ட்ரிக்கர் காப்பின் வடிவம், சிலிண்டருக்கு இடம் இருக்கிறதா என்பதை விற்பவரிடம் கேளுங்கள். இடக்கைக்காரர்கள் கைப்பிடியும் சீக் பீஸும் இடக்கைக்கு உரியவைதானா என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். எடையையும் கேட்க வேண்டும். அலுமினியச் சட்டம் மெல்லியதாகத் தெரிந்தாலும் துணைப் பாகங்களோடு சேர்ந்து ரைபிளின் மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டிவிடலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால் பணம் கட்டும் முன் உங்கள் மாநிலத் துப்பாக்கிச் சுடுதல் சங்கத்தில் இறக்குமதி நடைமுறையை விசாரியுங்கள். சுங்கத்தில் மாட்டிக்கொண்ட பார்சலுக்காக ஒரு பருவத்தையே இழந்தவர்கள் உண்டு.

அலுமினியமா மரமா என்று கேட்பார்கள். அலுமினியத்தில் எல்லா இடமும் திருகித் திருத்தலாம், ஈரத்துக்கு அசையாது. இத்தனை திருகுகள் இருப்பதே அதன் குறையும். வாரத்துக்கொரு முறை எதையாவது திருகிக்கொண்டிருக்கும் சபலம் புதியவர்களுக்கு வந்துவிடும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, கொஞ்சம் மட்டுமே நகரும் மர ஸ்டாக் நல்லது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் எங்கள் கிளப்பிலேயே இருக்கிறார்கள்.

சரிதானா என்று பார்ப்பது

மாற்றிய அன்றே புள்ளிகளைப் பார்க்காதீர்கள். முதலில் வெற்றுச் சுவரை நோக்கிக் குறி பாருங்கள். போட்டி ரைபிளில் வெறும் ட்ரிக்கர் பழகுவதற்கான அமைப்பு இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் வைத்த ரைபிளில் குண்டில்லாமல் விசையை விடக் கூடாது, பிஸ்டனின் சீல் அடிபடும்.

அடுத்து இலக்கு. ரைபிளைத் தோளில் வைத்துக் கண்ணை மூடி மூன்று முறை மூச்சு விடுங்கள். கண் திறக்கும்போது முன் வட்டம் இலக்கின் நடுவே உள்ள கருப்பு வட்டத்தின் மேலேயே இருந்தால் உடம்பு ஒத்துக்கொண்டிருக்கிறது. இடமோ வலமோ விலகியிருந்தால் கையால் இழுக்காமல் பாதத்தை நகர்த்துங்கள். மேலோ கீழோ எப்போதும் விலகினால் முன்கட்டை உயரத்துக்கோ பட் பிளேட்டுக்கோ திரும்பிப் போங்கள்.

ஒரு மாற்றத்துக்கு ஐந்து பயிற்சி நாள் கொடுங்கள். முதல் இரண்டு நாள் எது செய்தாலும் கோணலாகத்தான் தோன்றும், பழைய தவறான நிலைக்கு உடம்பு பழகியிருக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து குண்டுகள் எங்கே விழுகின்றன என்பதை விட எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பாருங்கள். கூட்டமாக ஓரத்தில் விழுந்தால் குறியின் திருகைச் சில கிளிக் திருப்பினால் போதும். சிதறி விழுந்தால் ஸ்டாக்கிலோ நிலையிலோ இன்னும் வேலை இருக்கிறது. கடைசிப் பத்துக் குண்டுகளைத் தனியே கணக்கிடுங்கள், பொருத்தம் சரியில்லாததை அவை முதலில் காட்டிக்கொடுக்கும். தேதி, மாற்றிய இடம், பழைய அளவு, புதிய அளவு, எங்கே வலித்தது என்று ஒரு வரி நோட்டில் இருக்கட்டும்.

நான்காம் எண் ரைபிளிலிருந்து எடுத்த மூன்று அட்டைகளையும் ஓர் உறையில் போட்டு, அளவு நோட்டோடு பெட்டியில் வைத்தோம். அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. இரண்டு ஆண்டில் நன்றாக உயர்ந்துவிட்டாள். போன மாதம் ரைபிளைத் தூக்கியவள் மூக்கு ரப்பரில் இடிக்கிறது என்றாள். உறையைத் திறந்து கல்யாணப் பத்திரிகையை மட்டும் எடுத்து, அவளே பட் பிளேட்டைக் கழற்றி உள்ளே வைத்தாள். இம்முறை நோட்டில் தேதியும் எழுதியிருக்கிறாள்.